பத்துக்கு ஒன்பது

எந்தக் கம்பெனியும் எனக்கு போன் அனுப்புவதில்லை.
கிசுமுவில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறவனுக்கு
யார் அனுப்புவார்கள்?
ஒகுட்டுவிடம் இரவல் கேட்டேன்.
மோட்டார்பைக்கை ஓரங்கட்டி
தொடையில் இருமுறை துடைத்துக் கொடுத்தான்.
"சாயங்காலம் தந்துவிடு, ஒடேரா.
சவாரி கூப்பிடுகிறவர்கள் இதில்தான் கூப்பிடுவார்கள்."

முதலில் உடம்பு.
பின்புறம் கண்ணாடி என்கிறது பெட்டி,
பிளாஸ்டிக் என்கிறது நகம்.
கண்கள் மூன்று. பார்வை ஒன்றுக்குத்தான்.
மற்ற இரண்டும் கல்யாணப் படத்தில்
மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறவர்கள்.
வெயிலில் திரை கறுத்துப்போகிறது.
இரண்டு செயலி திறந்தால் மூன்றாவதற்கு மூச்சு வாங்குகிறது.
நூற்றெட்டு நொட்டை சொல்லலாம்.
ஆனால் கேமராவும் நூற்றெட்டு மெகாபிக்சல்.

டுங்கா கரையில் அபோண்டி
ஒமேனா காயவைத்திருந்தாள்,
சுண்டுவிரல் நீளம்கூட வராத வெள்ளி மீன்
பழைய வலைமேல் பரப்பி.
நின்ற இடத்திலிருந்து ஒரே படம்.
இரண்டு விரலால் அகட்டினேன்.
இன்னும் அகட்டினேன்.
மீனுக்கொரு கண்,
கண்ணுக்குள் அரைக் கடுகு கறுப்பு.
"எண்ணியாகிவிட்டதா?" என்றாள்.
"எண்ணின மீனுக்கு விலை வேறே."

அவளையும் எடுத்தேன்.
கேட்காமலே கன்னத்துத் தழும்பை அழித்து
நிறத்தையும் ஒரு படி வெளுத்துக் கொடுத்தது.
"யாரிவள்,
என் சட்டையைப் போட்டுக்கொண்டு?"
அந்த வசதியை அணைக்க ஐந்து இடத்தில் தட்டவேண்டும்.
அரை மதிப்பெண் போயிற்று.
ஏரியில் ஆகாயத்தாமரைப் பச்சை கொஞ்சம் கத்துகிறது.
அதற்கு இன்னொரு அரை.

போன் உறைக்குள் நான்காய் மடித்த தாள் ஒன்று இருந்தது.
ஒகுட்டுவின் தவணை ஒப்பந்தம்.
எறும்புக்கால் எழுத்து.
இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்?
படகு நிழலில் விரித்து எடுத்தேன்.
அடடா.
எழுத்தின் விளிம்பு கத்தரியால் வெட்டினதுபோல்.
மை ஊறிய தாளின் இழை தெரிந்தது.
பத்துக்கு ஒன்பது என்று குறித்துக்கொண்டேன்.
எழுத்தையெல்லாம் பார்த்தேன்.
ஒன்றையும் வாசிக்கவில்லை.

இருட்டுச் சோதனைக்காகக் காத்திருந்தேன்.
சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு முழம்.
பொழுதுபோகாமல் அதே படத்தை
மறுபடி அகட்டிக்கொண்டிருந்தபோது
திரை வெள்ளையாயிற்று.

இன்றைய தவணை வரவில்லை.

அவ்வளவுதான் வாசகம். கீழே ஒரு பொத்தான், பணம் கட்ட.
அணைத்துப் போட்டேன். அதே வாசகம்.
மீன்கள் உள்ளே. அபோண்டி உள்ளே, தழும்போடும் தழும்பில்லாமலும்.
தாளை எடுத்து மூக்கருகில் வைத்து
என் சொந்தக் கண்ணால் தேடினேன்.
ஏழாம் பத்தியோ ஒன்பதாம் பத்தியோ,
மாலை ஆறுக்குள், எண்பது ஷில்லிங், தவறினால்...
அதற்குமேல் வெளிச்சம் இல்லை.

ஒகுட்டு வெறும் பைக்கில் வந்தான்.
"போன் உன் கையில். சவாரி எங்கிருந்து வரும்?
சவாரி வராமல் எண்பது எங்கிருந்து வரும்?"
கோபமில்லை. கடைக்காரன் சில்லறை எண்ணித் தருகிற குரல்.
"இன்னும் எத்தனை நாள் கட்டவேண்டும்?"
"இருநூற்றுப் பதினொன்று. இன்றையதையும் சேர்த்து."

என் போனை எடுத்தேன்.
திரையில் விரிசல், கேமராவுக்குக் கண்புரை.
பணம் மட்டும் ஒழுங்காய்ப் போகும்.
எண்பது அனுப்பினேன்.
வாடகை என்று சொல்ல வந்தேன், வாய் வரவில்லை.
ஒன்பதை அடித்துத் திருத்தவும் தோன்றவில்லை.
கேமரா என்ன பாவம் செய்தது?

நிமிடம் கழித்துத் திறந்துகொண்டது,
விட்ட இடத்திலேயே.
ஒப்பந்தத்தின் ஒரு காற்புள்ளி,
திரை நிறைய,
உருண்டைத் தலையும் வளைந்த வாலுமாய்.

ஒகுட்டு தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
"என்ன மீன் இது?" என்றான்.